ராசாத்தி வெளியே போன காலை

ஏனுங்க, பஸ் ஏறுனதுல இருந்து இந்தக் கட்டை வெரலையே பாத்துட்டு வர்றீங்க. கேக்கலாமா வேண்டாமான்னு ரோசிக்கறீங்க. நாய் கடிச்சதுங்க. ஊசியெல்லாம் போட்டாச்சு, அஞ்சும் முடிஞ்சுது. பயப்படாம உக்காருங்க.

கடிச்ச நாய் மேல எனக்குக் கோவமில்லீங்க. கோவமெல்லாம் அதை வெச்சிருக்கறவன் மேலதான். ஈஸ்வரமூர்த்தின்னு பேரு, இதே பொள்ளாச்சிதான். அவன் வீட்டுக்குப் போயிட்டுத்தான் இப்பத் திரும்பறேன். நான் சிங்காநல்லூருங்க, மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கேன். பேரு தெய்வசிகாமணி. எரிஞ்சு போன மோட்டார் எதுவா இருந்தாலும் கொண்டாங்க, சுத்திக் குடுத்தர்றேன். அது இருக்கட்டும்.

நாங்க மூணு பேரு பாலிடெக்னிக்ல ஒண்ணாப் படிச்சமுங்க. நானு, ஈஸ்வரன், ஜெயசீலன். ஜெயசீலன் அதே பாலிடெக்னிக்ல லேப்ல வேலைக்குச் சேந்து அங்கயே ரிட்டயர் ஆனவன். பேச மாட்டான். வருசா வருசம் பொங்கல் முடிஞ்ச மறு வெள்ளிக்கிழமை கோத்தகிரிக்குப் போவோம். வெள்ளி, சனி, ஞாயிறு. பத்தொம்பது வருசமாப் போறமுங்க. ஊரே குளுருக்குப் பயந்து கீழ எறங்கற நேரத்துல நாங்க மேல ஏறுவோம். அந்த நேரத்துலதான் கூட்டமிருக்காது. ரூமு சொல்றது, சாப்பாடு சொல்றது, யாருக்கு எந்தக் கட்டில்னு சொல்றது, எத்தனை மணிக்கு எந்திரிக்கறதுன்னு சொல்றது, எல்லாம் நாந்தான். அவங்க ரெண்டு பேருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. சந்தோசமா இருந்துட்டு வருவாங்க. சந்தோசமாத்தான் இருந்தாங்கன்னு நெனக்கறேன், நான் கேட்டதில்லை.

போன ஆனியில ஈஸ்வரன் சம்சாரம் தவறிருச்சுங்க. கோகிலான்னு பேரு. நல்ல புள்ள. காரியத்துக்கு நான் போகலீங்க. அன்னிக்குன்னு பாத்து ஒரு மில்லுல மோட்டார் எரிஞ்சு போச்சு. மோட்டார் எரிஞ்சா மில்லு நிக்குதில்லீங்களா. பதினாறாம் நாள் கழிச்சுப் போயி அரை மணி நேரம் உக்காந்துட்டு வந்தேன். அவன் வீட்டுக் கெணத்து மோட்டார் சத்தம் போடறதைப் பத்திப் பேசுனேன். பேரிங் மாத்தோணும்னு சொன்னேன். அவனும் ஆமான்னான்.

அதுக்கப்புறம் இந்தத் தை மாசம் வரைக்கும் பாக்கலை. சரி, கோத்தகிரிக்குக் கூட்டிட்டுப் போனா மனசு மாறும்னு நாந்தான் ஏற்பாடு பண்ணினேன். வர்றேன்னான். ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "ராசாத்தியும் வருவா."

எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் புரியலீங்க. அப்புறந்தான் தெரிஞ்சுது, நாயி. கோகிலா வளத்துன நாயி. ரோட்டுல குட்டியாக் கெடந்ததை எடுத்துட்டு வந்து ராசாத்தின்னு பேரு வெச்சிருக்குது. செவலை நெறம், ஒரு காது நிக்கும், ஒரு காது தொங்கும். எடை இருவது கிலோவுக்குக் கொறையாது. அது எடை எனக்கெப்படித் தெரியும்னு கேக்காதீங்க, சொல்றேன்.

ஜெயசீலன் காருலதான் போனோம். முன்னாடி சீட்டு எப்பவும் எனக்குத்தான். வழி சொல்லோணுமில்லீங்களா. ஜெயசீலனுக்கு வழி தெரியும், இருந்தாலும் சொல்லோணும். மேட்டுப்பாளையம் தாண்டி மூணாவது வளைவுல நாயி வாந்தி எடுத்துருச்சு. "முன்னாடி உக்காந்தா அவளுக்கு ஒண்ணும் ஆகாதுடா"ன்னு ஈஸ்வரன் சொன்னான். நாயி முன்னாடி வந்துச்சு, நான் பின்னாடி போனேன். அது பாட்டுக்கு மூஞ்சிய வெளிய நீட்டிட்டு வேடிக்கை பாத்துட்டு வந்துச்சு. எனக்கு வாந்தி வந்துச்சு. அதை யாரும் பெருசா எடுத்துக்கலை.

காட்டேஜு கோத்தகிரி தாண்டி ஒரு டீ எஸ்டேட் ஓரத்துல இருக்குதுங்க. போஜன்னு ஒருத்தர் பாத்துக்கறாரு. மலைக்காரரு, எங்க வயசுதான் இருக்கும். நாயப் பாத்ததும் சொன்னாரு, "சார், உள்ளயே வெச்சுக்குங்க. இந்த மாசம் மட்டும் எஸ்டேட்ல ரெண்டு நாயச் சிறுத்தை தூக்கிருச்சு. விடிஞ்சு நல்லா வெயில் வந்தப்புறம் சங்கிலி போட்டுத்தான் கூட்டிட்டுப் போகோணும்." ஈஸ்வரன் தலையாட்டுனான். நானும் கேட்டேன். ஆனா மலைக்காரங்க கீழ இருந்து வர்றவங்களுக்கு இப்படி எதாவது சொல்றது வழக்கந்தானுங்களே.

அன்னிக்குப் பொழுதோட சீட்டாடலாம்னு கட்டை எடுத்து வெச்சேன். பத்தொம்பது வருசமா வெள்ளிக்கிழமை ரம்மி. ஈஸ்வரன் நாய்க்குத் தயிர்சோறு பெசஞ்சுட்டிருந்தான். "சாப்டம்மா, ராசாத்தி, ஒரு வாயி"ங்கறான். கோகிலா உசிரோட இருக்கறப்ப அந்தப் புள்ளைய ஒரு நாள்கூட அவன் பேரு சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லீங்க. "இந்தா"ம்பான், இல்லைன்னா தொண்டையைக் கனைப்பான். இப்ப நாய்கிட்ட அம்மாங்கறான். சோறு முடிஞ்சுது, அப்புறம் அதுக்குப் போர்வை. போர்வை ஒண்ணு கம்மியா இருந்துச்சு. என்னுதை எடுத்துப் போத்தி விட்டுட்டான். "உனக்குச் சொட்டர் இருக்குதில்லடா"ங்கறான். வெளக்கு எரிஞ்சா அது தூங்காதாம். எட்டரைக்கெல்லாம் வெளக்கை அணைச்சாச்சு. சீட்டுக் கட்டு அப்படியே மேசை மேல கெடந்துச்சு.

எனக்கு வீட்டுலயும் ஆளில்லீங்க. சம்சாரம் மக கூடப் பெங்களூர்ல இருக்குது, பேரனைப் பாத்துக்கறதுக்கு. நாலு வருசமாப் பாத்துக்குது. எனக்கென்ன, தனியா இருந்தா நிம்மதி. சொல்ல வந்தது அதில்லை. வருசத்துக்கு மூணு நாளு. அந்த மூணு நாள்ல ஒரு நாளு இப்படிப் போச்சு.

மறு நாள் காலைல ஆறு மணி இருக்கும், குளுருல முழிப்பு வந்துருச்சு. ஜன்னல்ல பாத்தா புல்லெல்லாம் வெள்ளையா, மாவு கொட்டுன மாதிரி உறைபனி. ஈஸ்வரன் வாயப் பொளந்துட்டுத் தூங்கறான். நாயி எந்திரிச்சுக் கதவைப் பாத்து உக்காந்திருந்துச்சு. மொனகலை, கொரைக்கலை. சும்மா உக்காந்திருந்துச்சு. அப்புறம் என்னைப் பாத்துச்சு.

நான் எந்திரிச்சுப் போயித் தாழ்ப்பாளை எடுத்தேன். மேல இருக்கற தாழ்ப்பாளு, ரொம்ப இறுக்கம், கட்டை வெரலு வலிச்சுது. தொறந்தேன். போச்சு. கதவை ஒருக்களிச்சுச் சாத்திட்டு, எம் போர்வையை எடுத்துப் போத்திட்டுப் படுத்துட்டேன். அவன் தூக்கம் கெட வேண்டாம்னுதானுங்க. ஒரு அரை மணி நேரமாவது அது இல்லாம நாங்க மூணு பேரா இருக்கலாம்னும் தோணுச்சு. அப்படித் தோணறது தப்பில்லீங்களே. நல்லாத் தூங்குனேன். உண்மையைச் சொல்லோணுமில்லீங்களா.

ஏழு மணிக்கு ஈஸ்வரன் போட்ட சத்தத்துல எந்திரிச்சேன். "ராசாத்தி எங்கடா? கதவு தொறந்து கெடக்குது!" செருப்புக்கூடப் போடலீங்க. லுங்கி, பனியனு. அந்த உறைபனியில எறங்கி ஓடறான். போஜன் ஓடி வந்தாரு. ஆளுக்கொரு பக்கம் தேடலாம்னாரு. ஈஸ்வரனும் போஜனும் மேல சோலைப் பக்கம், ஜெயசீலன் ரோட்டுப் பக்கம். நான் கீழ போறேன்னேன். கீழ எறக்கமா இருந்துச்சு, எம் முழங்காலுக்கு அதுதான் தோது.

பனிமூட்டமுங்க. பத்தடிக்கு அக்கட்ட ஒண்ணும் தெரியலை. மேல இருந்து அவன் கூப்பிடற சத்தம் மட்டும் கேக்குது. "ராசாத்தீ... ராசாத்தீ..." நானும் கையத் தட்டிட்டு நடந்தேன். பேரு சொல்லிக் கூப்பிடலை, எனக்கு அது பழக்கமில்லை. ஒரு மணி நேரம் போச்சு, ரெண்டு மணி நேரம் போச்சு. மேல சத்தம் கொறைஞ்சு கொறைஞ்சு வருது, தொண்டை கட்டிருச்சு அவனுக்கு. அப்புறம் ஒரு தடவை கேட்டேன். "கோகிலா"ன்னு கேட்டுது. நின்னு காதைக் குடுத்துக் கேட்டேன். மறுபடியும் "கோகிலா"ன்னுதான் கூப்பிடறான். குளுருல நாக்கு கொழறியிருக்குமுங்க. ராசாத்தி, கோகிலா. கொழறும்.

நான் அங்கயே ஒரு கல்லு மேல உக்காந்துட்டேன்.

அது ஒரு கேரட்டுக் காட்டு ஓரமுங்க. உக்காந்து சித்த நேரம் கழிச்சு எதோ இழுக்கற மாதிரி ஒரு சத்தம். மூச்சுச் சத்தம். வேலிக்கு அடியில பாத்தா நாயி. காட்டுப் பன்னிக்குக் கண்ணி வெச்சிருக்காங்க, பைக் கிளட்ச் வயருல. பின்னங்காலு மாட்டி, இழுத்து இழுத்து வயரு சதைக்குள்ள போயிருச்சு. ஒடம்பெல்லாம் பனி. நடுங்குது.

என்னைப் பாத்ததும் வாலை ஆட்டுச்சுங்க.

கதவைத் தொறந்து விட்டது யாருன்னு அதுக்குத் தெரியாதுங்களா? அதுக்குத் தெரியும். அதுக்கு மட்டுந்தான் தெரியும். இருந்தாலும் ஆட்டுச்சு.

கம்பி விசயம் எனக்குத் தண்ணி பட்ட பாடுங்க. நாப்பது வருசமாக் கம்பி சுத்தறவன். கண்ணி இழுக்க இழுக்க இறுகும். அவுக்கறதுக்கு மொதல்ல காலை இன்னும் உள்ள தள்ளோணும். தள்ளுனா வலிக்கும். "சும்மா இரு ராசாத்தி, சும்மா இரு சாமி"ன்னு சொல்லிட்டே தள்ளுனேன். கட்டை வெரல்ல எலும்பு வரைக்கும் கடிச்சுது. நான் கையை எடுக்கலை. எடுத்தா மறுபடி இறுகிக்கும். அது கடிச்சுட்டே இருந்துச்சு, நான் அவுத்துட்டே இருந்தேன். அவுந்ததும் விட்டுருச்சு. அப்புறம் அதே வெரலை நக்கறதுக்கு வருது. "போதும் போ"ன்னேன்.

அதுக்கு நடக்க முடியலை. தூக்கிட்டு ஏறுனேன். இருவது கிலோன்னு சொன்னனில்லீங்களா, மேல வந்து சேர்றப்ப அறுவது கிலோ ஆயிருச்சு.

ஈஸ்வரன் என்னைப் பாத்ததும் அங்கயே ஈரத்துல உக்காந்துட்டான். நாயை வாங்கி மடியில போட்டுட்டு, எங் காலைப் புடிச்சுட்டான். காலையுங்க. பாலிடெக்னிக்ல ஒண்ணா பீடி குடிச்சவன். "சிகாமணி, நீ இல்லைன்னா என்னடா பண்ணியிருப்பேன்"ங்கறான். நான் "சரி விடு, விடு"ன்னேன். வேற என்னங்க சொல்றது.

உள்ள போயி அடுப்புக்கிட்ட உக்காந்தோம். போஜன் மஞ்சளை வெச்சு நாய்க்கும் எனக்கும் ஒரே துணியைக் கிழிச்சுக் கட்டி விட்டாரு. அப்பத்தான் ஈஸ்வரன் சொன்னான்.

"நாந்தாண்டா தாழ் போடாம விட்டுட்டேன். போட்ட மாதிரித்தான் இருந்துச்சு. போடலை."

நான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவன் மேல சொல்லிட்டே போறான்.

"அன்னிக்கு அவளுக்குக் காச்சலு. மாத்திரை வாங்கப் போனேன். எந்திரிச்சு வந்து கதவைத் தொறக்கறது கஷ்டம்னு வெளிய பூட்டிட்டுப் போனேன். பத்து நிமிசந்தான். ராசாத்தி கொரைச்சிருக்கா. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டிருக்காங்க. பூட்டு. உள்ள போக முடியலை. நான் வந்து தொறக்கறப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. அன்னிக்குப் பூட்டுனேன், இன்னிக்குப் பூட்டாம விட்டேன். எனக்குக் கதவு விசயமே ஆகாது சிகாமணி."

இது எனக்குத் தெரியாதுங்க. அவ சாவு எப்படின்னு நான் கேட்டதில்லை. பேரிங் பத்தித்தான் பேசிட்டு வந்தேன்னு சொன்னனில்லீங்களா.

அப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நெனச்சேன். போஜன் டீ கொண்டாந்தாரு. டீயைக் குடிச்சேன். குடிச்சுட்டு, "நாயே தள்ளித் தொறந்திருக்கும் ஈஸ்வரா"ன்னேன். ஜெயசீலன் நிமுந்து அந்தத் தாழ்ப்பாளைப் பாத்தான். என் நெஞ்சு உயரத்துக்கு மேல இருக்குது. அப்புறம் என்னைப் பாத்தான். பாத்துட்டு, "டீ ஆறுது"ன்னான். அவ்வளவுதான் பேசுனான். அவன் எப்பவும் சம்பந்தமில்லாமத்தான் பேசுவான்.

கோத்தகிரி ஆஸ்பத்திரியில மொத ஊசியப் போட்டுட்டு ஞாயித்துக்கெழமை எறங்கி வந்துட்டோம். அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். மிச்ச நாலு ஊசிக்கும் ஈஸ்வரன் பொள்ளாச்சியில இருந்து பஸ் ஏறி வந்து எங் கூட லைன்ல நின்னானுங்க. வேண்டாம்னு சொல்லியும் கேக்கலை. "எம் பொண்ணு உசிரைக் காப்பாத்துனவன் நீ"ங்கறான், அங்க இருக்கற நர்ஸம்மா வரைக்கும் சொல்றான். அந்தம்மா என்னைப் பாத்துக் கும்பிடுது. ஊசி வலிக்கலைங்க. இது கொஞ்சம் சங்கட்டமா இருந்துச்சு.

முந்தா நேத்து ஜெயசீலன் போன் பண்ணுனான். நாப்பது வருசத்துல அவனாப் போன் பண்ணுனது அதுதான் மொத தடவை.

"ஈஸ்வரன் வெளிய கெளம்புனா நாலு தடவை திரும்பிப் போயிக் கதவைப் பாக்கறான். நேத்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டான். வீட்டுக்குள்ள இருந்தாலும் சும்மா இருக்கறதில்லை. தாழ்ப்பாளைப் போடறான், எடுக்கறான், மறுபடி போடறான். சமைக்கறதுக்குக்கூட அடுப்புக்கிட்ட நிக்க மாட்டேங்கறான். பன்னு வாங்கித் தின்னுட்டிருக்கான்."

"அதுக்கு நான் என்ன பண்றது?"ன்னேன்.

"சொல்லோணும்"ன்னான். வெச்சுட்டான்.

யாரு சொல்லோணும்? எங்கிட்டச் சொல்லோணும்னு அவனுக்குத் தோணுச்சா, இல்லை நான் சொல்லோணுமா? வெளக்கமாப் பேசறதே கெடையாது. ரெண்டு நாளு ரோசிச்சேன். கடையில ஒரு மோட்டாரைத் தப்பாச் சுத்திட்டேன். நான் தப்பாச் சுத்தறதில்லீங்க.

இன்னிக்குக் காலைல போனேன். அவன் கதவைத் தொறக்கறதுக்கே நேரமாச்சு. உள்ள விட்டுத் தாழ் போட்டான், எடுத்தான், போட்டான். நாயி நொண்டிட்டு வந்து எங் கால்ல மோந்துச்சு. உக்காந்தோம். கெணத்து மோட்டார் எப்படி ஓடுதுன்னு கேட்டேன். நல்லா ஓடுதுன்னான். பேரிங் மாத்திட்டியான்னேன். மாத்திட்டேன்னான். அதோட பேச்சு தீந்து போச்சு.

"ஈஸ்வரா, கோத்தகிரியில நீ தாழ் போட்டிருந்தே"ன்னேன்.

"இல்லடா. போடலை."

"போட்டிருந்தே. இறுக்கமாப் போட்டிருந்தே. தொறக்கறதுக்கு நான் கஷ்டப்பட்டேன்."

என்னையே பாத்தான். "நீ எதுக்குத் தொறந்தே?"

"நாயை வெளிய விடறதுக்கு."

"ஒண்ணுக்கு விடறதுக்கா?"

ஆமான்னு சொல்லியிருக்கலாமுங்க. நல்ல பதிலு. அவனே எடுத்துக் குடுத்தான். யாரும் தப்புச் சொல்ல முடியாது. வாயில வந்து நின்னுது. ஆனா அந்த நாயி எங் கால் மேல தலையை வெச்சுப் படுத்திருந்துச்சு.

"இல்லை. அது அங்க இருந்தது எனக்குப் புடிக்கலை"ன்னேன்.

"சிறுத்தை இருக்குதுன்னு போஜன் சொன்னானே."

"காதுல விழுந்துச்சு."

சொவரைப் பாத்துட்டிருந்தான். அப்புறம் மெதுவாக் கேட்டான். "அப்ப நான் தாழ் போட்டிருந்தனா?"

"போட்டிருந்தே."

"நெசமா?"

"நெசமா."

"நான் தாழ் போட்டிருந்தேன்"ன்னான். எனக்குச் சொல்லலை, தனக்குத் தானே சொல்லிக்கறான். மூணு தடவை சொன்னான். கண்ணுல தண்ணி ஊத்துது. துண்டை எடுத்து மூஞ்சியத் தொடச்சான். தொடச்சுட்டு, "எந்திரி"ன்னான்.

எந்திரிச்சேன்.

"ஒரு மாசம்டா. ஒரு மாசமா நான்..."ன்னு ஆரம்பிச்சு முடிக்க முடியலை அவனுக்கு. கதவைக் காமிச்சான். "வெளிய போ. எங் கண்ணு முன்னாடி நிக்காதே. போ."

செருப்பைப் போட்டேன். நாயி வாசல் வரைக்கும் எங் கூட வந்துச்சு. "ராசாத்தி, உள்ள வா"ன்னு அதட்டுனான். போயிருச்சு. கதவைச் சாத்தித் தாழ் போட்டான். டக்குன்னு கேட்டுது.

நான் எதுத்த பக்கம் வேப்ப மரத்தடியில நின்னேன். பஸ்ஸுக்கு நேரமிருந்துச்சு, வெயிலு வேற, அதுக்காகத்தான். அவன் மறுபடி வருவான், தாழை எடுப்பான், போடுவான்னு காதைத் தீட்டிட்டு நின்னேன். கால் மணி நேரமாச்சு. அரை மணி நேரமாச்சு. வரலீங்க.

அப்புறம் கடுகு வெடிக்கற சத்தம் கேட்டுது. கருவேப்பிலை வாசம் ரோடு வரைக்கும் வருது. ரசத்துக்குத் தாளிக்கறான். மத்தியானம் பன்னெண்டரை மணி. சிங்காநல்லூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். நாப்பது வருசப் பழக்கம். ஒரு வாய் சாப்பிட்டுப் போடான்னு சொல்றானான்னு பாருங்க.